ஏழாம் நம்பர் டோக்கன்

தம்பி, நோட்டு எடுத்துட்டீங்களா? சரி. மொதல்ல இதை எழுதிக்கோங்க. இருபத்தி மூணு வருஷமா நான் குகைக்குள்ள போய்ட்டு வர்றேன். இந்த இருபத்தி மூணு வருஷத்துல ஒரு ஆளைக்கூட உள்ள விட்டுட்டு வந்ததில்ல. எழுதிட்டீங்களா? அடியில ஒரு கோடு போட்டுக்கோங்க.

ரெண்டாவது, என் பேரு. தெ. புண்ணியகோடி. ஸ்டேஷன் மாஸ்டர், ஓய்வு. இந்தப் பேரு அந்தப் படத்துல வந்திருக்கணும். "குகை ஆலோசனை"ன்னு போட்டு அதுக்குப் பக்கத்துல. டைரக்டர் இளஞ்செழியன் நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்து, இதே மாதிரி டீ குடிச்சுட்டு, "சார், உங்க பேருக்குத் தனி கார்டு"ன்னு சொன்னாரு. நான் கேக்கல. அவரா சொன்னது.

படம் வந்த மூணாம் நாள் எல்லாரும் போனோம். நான், வீட்டுல, மச்சான் குடும்பம் அஞ்சு பேரு, எங்க குகைக் குழுவுல ரெண்டு பேரு. ஆக ஒன்பது. ஆரம்பத்துல பேரு வரல. சரி, கடைசியில போடுவாங்கன்னு இருந்தேன். கடைசியில போட்டாங்க, என்னைத் தவிர எல்லாரையும் போட்டாங்க. ஹீரோவுக்கு முடி வெட்டினவர் பேரு வந்துச்சு. ஜெனரேட்டர் வண்டி ஓட்டினவர் பேரு வந்துச்சு. தியேட்டர்ல கூட்டறதுக்கு வந்த அம்மா வெளக்கமாத்தோட நின்னு, "படம் முடிஞ்சிருச்சுங்கய்யா"ன்னாங்க. எங்க வீட்டம்மா என்னைப் பாத்து, "எங்கங்க உங்க பேரு?"ன்னா. "வேகமா ஓட்டிட்டாங்க, உனக்கு கண்ணாடி மாத்தணும்"னேன்.

இதை எழுதணும் நீங்க. ஒரு மனுஷனோட பேரை அடிச்சதை எழுதணும்.

இருங்க, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். அந்த இருட்டு சீனு. ரெண்டு நிமிஷம் திரையில ஒண்ணுமே தெரியாம வெறும் குரல் மட்டும் கேக்குமே, ஊரெல்லாம் அதைத்தான் பேசுதுங்கறீங்க. சகாயம்தான் உங்களை அனுப்பினாருன்னு சொன்னீங்க. "என் உயிரைக் காப்பாத்தினவர் மாஸ்டர்தான், அவரைப் போய்ப் பாருங்க"ன்னாரா? சொல்வாரு. அவர் அப்படித்தான் சொல்லிட்டு இருக்காரு. ஹீரோவுக்கு டூப் போட்ட சகாயம். அவர்கிட்ட வர்றேன். எல்லாம் வரிசையா வரட்டும். ஒத்தை லைன்ல அவசரப்படக் கூடாது.

ஒத்தை லைன்னா தெரியுமா? ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரே தண்டவாளம். இந்தப் பக்கமிருந்தும் வண்டி வரும், அந்தப் பக்கமிருந்தும் வரும். மோதிக்காம இருக்கணுமே? அதுக்குத்தான் டோக்கன். ஒரு இரும்புப் பந்து. அதைத் தோல் பையில போட்டு, வளையத்துல மாட்டி டிரைவர் கையில குடுப்போம். அது கையில இல்லாம எந்த வண்டியும் லைனுக்குள்ள நுழையாது. அடுத்த ஸ்டேஷன்ல அந்தப் பந்து மெஷினுக்குள்ள விழுந்துருச்சுன்னா லைன் காலி. போய் எட்டிப் பாக்க வேண்டியதில்ல. யாரையும் கேக்க வேண்டியதில்ல. டோக்கன் வந்துருச்சா, லைன் காலி. முப்பத்தாறு வருஷம் அதைப் பாத்துத்தான் கொடி காட்டினேன். ஒரு சின்ன உரசல் கிடையாது என் சர்வீஸ்ல.

அந்த வேலையிலதான் குகை வந்து ஒட்டிக்கிச்சு. கடைசியா நான் இருந்த ஸ்டேஷன்ல ஒரு நாளைக்கு நாலு வண்டி. மீதி நேரம் என்ன பண்றது? பின்னாடி ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதுல ஒரு பொந்து. சிக்னல் விளக்கை எடுத்துட்டு ஒரு நாள் உள்ள போனேன், அவ்வளவுதான். அப்புறம் ஞாயித்துக்கிழமையானா எங்கயாவது ஒரு பொந்து. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, போகாத எடமில்ல. பேங்க்காரர் ஒருத்தர், ஹோமியோபதி டாக்டர் ஒருத்தருன்னு ஆளும் சேந்தாங்க. தெருவுல எனக்குப் பெருச்சாளி மாஸ்டர்னு பேரு. சொல்லட்டும். பெருச்சாளி போன எடத்துக்கு இவங்க யாரும் போனதில்ல.

எங்க குழுவுக்கு நான் வெச்ச சட்டம் மூணு. ஆளுக்கு மூணு லைட். தனியா போகக் கூடாது. மூணாவது டோக்கன். குகை வாசல்ல ஒரு பலகை, அதுல ஆணி. ஒவ்வொரு ஆணியிலயும் நம்பர் அடிச்ச அலுமினிய வட்டு ஒண்ணு. உள்ள போறவன் தன் வட்டை எடுத்துட்டுப் போகணும், வந்தா மறுபடி மாட்டணும். எல்லா ஆணியும் நிறைஞ்சிருந்தா குகை காலி. ரயில்வே கொடுத்த மூளை தம்பி. எத்தனையோ படிச்சவங்களுக்கு இது தோணல.

இளஞ்செழியன் வந்தாரு. கல்வராயன் மலையில நரிப்பாழின்னு ஒரு குகை. பாறை மேல பாறை சரிஞ்சு விழுந்து அதுக்கு அடியில உண்டான குகை. அதோட மூலை முடுக்கு எனக்குத்தான் தெரியும்னு யாரோ சொல்லியிருக்காங்க. கதை என்னன்னு கேட்டேன். ஒருத்தன் புதையல் தேடிக் குகைக்குள்ள போறான், வழி அடைஞ்சு போகுது, தப்பிச்சு வர்றான். சரின்னு காகிதத்தை வாங்கிப் பாத்தா மொதல் பக்கத்துலயே ஹீரோ குகைக்குள்ள ஓடறாரு. கையில தீப்பந்தம்.

"குகைக்குள்ள யாரும் ஓட மாட்டாங்க சார், தவழ்வாங்க"ன்னேன்.

"தவழ்ந்தா இன்டர்வெல் எப்படி சார் வரும்?"ன்னாரு.

"தீப்பந்தம் கொளுத்தினா புகையில இன்டர்வெல்லுக்கு முன்னாடியே ஆளு போய்ச் சேந்துருவான்"னேன்.

சிரிச்சாரு. நல்லா சிரிப்பாரு அந்த மனுஷன். பதினோரு நாள் அவரோட மல்லுக்கட்டினேன். தீப்பந்தத்தை எடுக்க வெச்சேன். பாம்பை எடுக்க வெச்சேன். குகைக்குள்ள ஒரு அருவி இருந்துச்சு, அதையும் எடுக்க வெச்சேன். ஆனா வெளிச்சத்துக்கு மட்டும் அவர் மசியல. எல்லா சீன்லயும் எங்கிருந்தோ ஒரு நீல வெளிச்சம் வந்து விழுது. "இது எங்கேருந்து சார் வருது?"ன்னு கேட்டா, "ஜனங்களுக்கு ஏதாவது தெரியணும்ல சார்"ங்கறாரு.

அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு. நீங்க நிஜமான இருட்டைப் பாத்திருக்க மாட்டீங்க தம்பி. கரண்டு போனா வர்றதெல்லாம் இருட்டு இல்ல. உள்ள போய் எல்லா லைட்டையும் அணைச்சா, கையைக் கண்ணு முன்னாடி ஆட்டினாலும் தெரியாது. கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும். மொத தடவை அதுல உக்காந்தப்போ நான் அழுதேன். பயந்து இல்ல. ஏன்னு சொல்லத் தெரியல. அவ்வளவு பெரிசா ஒண்ணு இத்தனை நாளா பூமிக்குள்ள இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சேன்னு. இதை ஜனங்க ஒரு தடவையாவது பாக்கணும்னு எனக்கு ஆசை. பேரெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

"ரெண்டு நிமிஷம் வெறும் இருட்டு வைங்க சார். மூச்சு சத்தம் மட்டும்"னு கேட்டேன். மூணு நாள் யோசிச்சாரு. நாலாம் நாள் வந்து, "வெக்கறேன் சார். ஆனா நீங்களும் ஒண்ணு விட்டுக் குடுக்கணும்"னாரு.

விஷயம் இதுதான். உள்ள பதினெட்டுப் பேருக்கு மேல போகக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். அதுக்கு மேல போனா ஆபத்துன்னா தூக்கிட்டு வர முடியாது. அவர் லிஸ்ட்டுல பத்தொன்பது. "ஹீரோவும் டூப்பும் ஒரே கேரக்டர்தான் சார். ஒருத்தர் உள்ள இருந்தா இன்னொருத்தர் வெளிய இருப்பாரு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு டோக்கன் போதும்"னாரு.

நல்லா யோசிச்சேன். ஒரு டோக்கன், ரெண்டு வண்டி. அப்போ ஒரு நேரத்துல ஒண்ணுதான் லைன்ல இருக்க முடியும். ரயில்வேல டோக்கன் வெச்சதே அதுக்குத்தானே? கணக்கு சரியா வந்துச்சு. சரின்னுட்டேன். ஏழாம் நம்பர். நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு?

சரி, சகாயத்துக்கு வர்றேன். நாப்பத்தி மூணு வயசு. ஒல்லி. பின்னாடியிருந்து பாத்தா ஹீரோவேதான். பத்தொன்பது வருஷமா டூப். "முகத்தைக் காட்டக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, விழணும், அவ்வளவுதான் மாஸ்டர் நம்ம வேலை"ன்னு சிரிச்சுட்டே சொல்வாரு. முதல் நாள் எல்லாரையும் நிக்க வெச்சு நான் சட்டம் சொன்னேன். பாதிப்பேரு செல்லைப் பாத்துட்டு இருந்தாங்க. இவர் ஒருத்தர்தான் சிகரெட் அட்டையில எழுதிக்கிட்டாரு. "லைட் இல்லாம ஒரு அடி நகரக் கூடாது. உக்காந்துரணும். வெளிய நாங்க எண்ணுவோம். ஆள் குறைஞ்சா தேடி வருவோம்." இதை எழுதி எனக்குப் படிச்சும் காட்டினாரு.

இன்னொருத்தங்க இருக்காங்க. காஸ்ட்யூம் பாத்துக்கற செண்பகம்மா. அம்பது வயசு இருக்கும். குடையை விரிச்சு, அதுக்குக் கீழ ரெண்டு பொட்டி, அதுல துணி. எந்நேரமும் சட்டையை எண்ணிட்டே இருப்பாங்க. ஹீரோவுக்கும் சகாயத்துக்கும் ஒரே மாதிரி பழுப்புச் சட்டை. சகாயத்தோடதுல மட்டும் தோள்ல பஞ்சு வெச்சுத் தெச்சிருப்பாங்க, விழறப்போ அடிபடாம இருக்க. அதைக் கூட அவங்க கையாலதான் தெச்சாங்க. நான் கிண்டல் பண்ணுவேன். "என்னம்மா, நான் ஆளை எண்றேன், நீங்க சட்டையை எண்றீங்க"ன்னு. அவங்க சிரிக்க மாட்டாங்க. எண்ணிட்டே இருப்பாங்க.

டோக்கன் கழுத்துக்கு வந்த கதையைச் சொல்லல பாருங்க. இளஞ்செழியனுக்கு என் வட்டைப் பாத்ததும் புடிச்சுப் போச்சு. "சார், இதை ஹீரோ கழுத்துல ஒரு கயித்துல தொங்க விட்டா எப்படி இருக்கும்!"னாரு. ஏழாம் நம்பர் அப்படிக் கழுத்துக்குப் போச்சு. போஸ்டரைப் பாருங்க, ஹீரோ நெஞ்சுல பளபளன்னு இருக்கே, அது நான் அடிச்ச வட்டு. என் கையால நம்பர் போட்டது. அந்தப் போஸ்டரை எங்க வீட்டம்மா தெருவுல எல்லார்கிட்டயும் காட்டினா.

கடைசி நாள். இருட்டு சீனு. முதல் கூடத்துலருந்து நாப்பதடி தவழ்ந்து போகணும். எடது பக்கம் ஒரு பள்ளம், விழுந்தா அவ்வளவுதான். அதைத் தாண்டினா ஒரு சின்ன அறை. அங்க சகாயத்தை உக்கார வெச்சு, மூச்சு சத்தத்தை எடுக்கணும். நானே கூட்டிட்டுப் போனேன். சின்ன ரெகார்டர் ஒண்ணை அவர் பக்கத்துல வெச்சேன். அவர்கிட்ட இருந்த மூணு லைட்டையும் நானே வாங்கிக்கிட்டேன். லைட் இருந்தா மனுஷன் தொட்டுப் பாக்கத்தான் செய்வான். அப்புறம் அது இருட்டு இல்ல. காலை மணி ஒன்பது நாப்பது. "நான் வந்து சத்தம் குடுக்கற வரைக்கும் உக்காந்திருங்க சகாயம்"னேன். "சரிங்க மாஸ்டர்"னாரு.

நான் வெளிய வந்துட்டேன். வெளிய மேக்கிங் வீடியோ எடுக்கறவங்க காத்திருந்தாங்க. என்னைப் பேட்டி எடுக்கணுமாம். பாறை மேல உக்கார வெச்சாங்க. நான் சொன்னேன், இருபத்தி மூணு வருஷத்துல ஒரு ஆளைக்கூட உள்ள விட்டுட்டு வந்ததில்லன்னு. மூணு டேக் எடுத்தாங்க.

அந்த நேரத்துல ஹீரோ உள்ள போயிருக்காரு. முதல் கூடத்துல ஒரு குளோசப் எடுக்கணும்னு. எடுத்தாங்க. எடுத்ததும் மூச்சு முட்டுது, தலை வலிக்குதுன்னு வெளிய ஓடி வந்துட்டாரு. அவர் போறாருன்னதும் டைரக்டரும் போயிட்டாரு, "பேக்கப்"னு ஒரு சத்தம். எல்லாரும் வெளிய. ஹீரோ கழுத்துல இருந்த ஏழாம் நம்பரை அவரோட ஆளு ஒருத்தன் ஒழுங்கா ஆணியில மாட்டிட்டான். நான் வந்து பலகையைப் பாத்தேன். பதினெட்டு ஆணி, பதினெட்டு டோக்கன். ரிஜிஸ்டர்ல எழுதினேன். பத்து நாப்பது, குகை காலி. கையெழுத்து.

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? டோக்கன் எப்படி சகாயத்துக்கிட்டருந்து ஹீரோவுக்குப் போச்சுன்னா? சொல்றேன். டீ ஆறுது, குடிங்க.

கீழ பள்ளிக்கூட மைதானத்துலதான் சாப்பாடு. பதினொரு மணிக்கு செண்பகம்மா என்கிட்ட வந்தாங்க. "சார், ஒரு சட்டை வரல"ன்னாங்க. "நான் சட்டையை எண்றதில்லம்மா, ஆளை எண்றேன். ஆள் எல்லாம் வந்தாச்சு"ன்னேன். போயிட்டாங்க. சாப்பாட்டுப் பந்தியில மறுபடி வந்தாங்க. டைரக்டர், நான், எல்லாரும் உக்காந்திருக்கோம். "சார், பஞ்சு வெக்காத சட்டை வந்துருச்சு. பஞ்சு வெச்சது வரல"ன்னாங்க. நான் சொன்னேன், "குகைக்குக் குளிரும்மா, ஒரு சட்டை போட்டுக்கட்டும்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. இளஞ்செழியனும் சிரிச்சாரு. நூத்தி இருபது பேரு இருக்கற யூனிட்டு தம்பி, ஃபைட்டர்ஸெல்லாம் தனி வண்டியில லாட்ஜுக்குப் போயிருப்பாங்கன்னு எல்லாருக்கும் நெனப்பு.

மூணு மணிக்கு வந்தாங்க. லாட்ஜுக்கு ஃபோன் போட்டிருக்காங்க, சட்டைக்காக. அங்க சகாயம் வரல. என் முன்னாடி நின்னாங்க. சத்தம் போடல. "சார், சட்டை தனியா உள்ள இருக்காது. போட்டவரு எங்க?"ன்னாங்க.

அப்பத்தான் என் பையில கை போச்சு. சகாயத்தோட மூணு லைட்டும் என் பையிலதான் இருந்துச்சு.

ஓடினேன். அறுபத்தி நாலு வயசுல அந்த மலையில எப்படி ஓடினேன்னு இன்னிக்கும் தெரியல. எங்க குழு டாக்டர் பின்னாடியே வந்தாரு. தவழ்ற எடத்துல முட்டி ரெண்டும் கிழிஞ்சு போச்சு. பள்ளத்துக்கிட்ட வந்ததும் கீழ லைட் அடிச்சுப் பாத்தேன். மொதல்ல கீழதான் பாத்தேன் தம்பி. அங்க ஒண்ணுமில்ல. "சகாயம்!"னு கத்தினேன்.

"இருக்கேன் மாஸ்டர்"னு குரல் வந்துச்சு.

நான் உக்கார வெச்ச எடத்துலேயே உக்காந்திருந்தாரு. முட்டி மேல கை. ஒரு அடி நகரல. கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்திருந்தாரு. மணி மூணு அம்பது. ஆறு மணி நேரம் பத்து நிமிஷம். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிட்டு என்னைப் பாத்து, "எண்ணிப் பாத்துட்டீங்களா மாஸ்டர்? ஆள் குறையுதுன்னு தெரிஞ்சுதா? எண்ணுவீங்கன்னு தெரியும், அதான் நகரவே இல்ல"ன்னாரு.

நான் "ம்"னேன்.

அந்த ஒரு "ம்"தான் தம்பி நான் சொன்னது. பொய் சொல்லல. ஒரு வார்த்தை கூட பொய் சொல்லல.

வெளிய வந்ததும் எல்லார் முன்னாடியும் என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "மாஸ்டர் எண்ணிப் பாத்து வந்துட்டாரு"ன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. செண்பகம்மா அங்கதான் நிக்கறாங்க. சகாயம் சட்டையைக் கழட்டி அவங்ககிட்ட குடுத்தாரு. மண்ணைத் தட்டினாங்க, மடிச்சாங்க, பொட்டியில வெச்சாங்க. என்னை ஒரு தடவை பாத்தாங்க. அதுவும் சும்மா பாத்தாங்க.

இளஞ்செழியன்தான் என்னைத் தனியா கூப்பிட்டாரு. "உங்க ஆணியெல்லாம் நிறைஞ்சிருந்துச்சே சார்?"ன்னாரு.

"டோக்கனைக் கழுத்துல மாட்டி வேஷம் போட்டது யாரு?"ன்னேன்.

"கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சவர் நீங்கதானே?"ன்னாரு.

"பேக்கப் சொன்னது யாரு?"ன்னேன். விடல நான். சட்டத்தை மீறினது அவங்க. பத்தொன்பது ஆளுக்குப் பதினெட்டு டோக்கன் கேட்டது அவங்க. மலையை விட்டு எறங்கி வந்துட்டேன். அதுக்குத்தான் பேரை அடிச்சாங்க. அடிக்கட்டுமே. என் முறையில தப்பு இல்ல. இதை எங்க வேணா சொல்வேன்.

...சரி. கேட்டீங்கல்ல. டோக்கன் எப்படிப் போச்சுன்னு.

தவழ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சவுண்டுக்காரர் சொன்னாரு, சகாயம் கழுத்துல இருக்கற வட்டு கல்லுல உரசும், சத்தம் வரும், மூச்சு சரியா கேக்காதுன்னு. சகாயம் என்னைப் பாத்தாரு. சட்டம் எழுதி வெச்சிருக்கற ஆளாச்சே. "கழட்டலாமா மாஸ்டர்?"ன்னு கேட்டாரு. என் சீனு தம்பி அது. நான் பதினோரு நாள் சண்டை போட்டு வாங்கின ரெண்டு நிமிஷம். அதுல டிங்குன்னு ஒரு சத்தம் கேட்டா என்னத்துக்கு ஆகும்? "கழட்டிக் குடுங்க, பரவால்ல"ன்னேன். சவுண்டுக்காரர் வாங்கி வெச்சிருந்தாரு. ஹீரோ வந்ததும் அவர் கழுத்துக்குப் போச்சு.

பலகையைப் பாத்தப்போ அது ஞாபகம் வரலையான்னு கேக்கறீங்க. வரல. எட்டிப் பாக்க வேண்டியதில்ல, கேக்க வேண்டியதில்லன்னு முப்பத்தாறு வருஷம் பழகினவன். டோக்கன் கண்ணுல பட்டா எனக்கு மத்ததெல்லாம் மறந்துரும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

அந்த ரெகார்டர் ஓடிட்டே இருந்திருக்கு. பேட்டரி தீர்ற வரைக்கும், நாலு மணி நேரம். அதைக் கேட்டுட்டுத்தான் இளஞ்செழியன் சகாயத்துக்கிட்ட அனுமதி கேட்டிருக்காரு, படத்துல வெச்சுக்கலாமான்னு. சகாயத்துக்குத் தலைகால் புரியல. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா அவர் குரல் படத்துல வருது. எனக்கு ஃபோன் போட்டு, "எல்லாம் உங்களாலதான் மாஸ்டர்"னாரு.

ஆனா அதுல என்ன இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. தியேட்டர்லதான் கேட்டேன். திரை அணைஞ்சுது. "ஆபரேட்டர்!"னு ரெண்டு மூணு பேரு கத்தினாங்க, விசில் அடிச்சாங்க. என் இருட்டு, நான் கேட்ட இருட்டு. அப்போ சகாயம் குரல் வருது. மெதுவா எண்றாரு. "ஒண்ணு. ரெண்டு. மூணு." நான் பலகையில எண்ற மாதிரியே எண்றாரு. "அஞ்சு. ஆறு. ஏழு, இது நான். ஏழு காலியா இருக்கும். மாஸ்டர் பாத்துருவாரு. எட்டு. ஒன்பது." பதினெட்டு வந்ததும் மறுபடி ஒண்ணுலருந்து. "ஏழு காலியா இருக்கும். மாஸ்டர் பாத்துருவாரு." பக்கத்துல எங்க வீட்டம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, "உங்களை எவ்வளவு நம்பியிருக்காரு பாருங்க"ன்னா.

பேரு வருதான்னு அதுக்கப்புறமும் கடைசி வரைக்கும் உக்காந்துதான் இருந்தேன். சொன்னேன்ல.

இந்தாங்க, பலகை. ஃபோட்டோ வேணும்னா எடுத்துக்கோங்க. ஏழாவது ஆணி எங்கன்னா? துரு புடிச்சிருந்துச்சு, புடுங்கிட்டேன். இப்பல்லாம் பலகையைப் பாத்துட்டு, ஒவ்வொருத்தர் பேரையும் கூப்பிடறேன், அவங்க "இருக்கேன்"னு சொல்லணும். டோக்கன் மேல நம்பிக்கை போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. சும்மா ஒரு பழக்கம்.

எழுதினதைக் கொஞ்சம் காட்டுங்க. ம். ம். சட்டை விஷயத்தை எழுதியிருக்கீங்களா? அதை வேண்டாம். பத்திரிகையில அதெல்லாம் எதுக்கு? சகாயம் படிப்பாரு. அந்த மனுஷன் ஆறு மணி நேரம் என்னை நம்பி உக்காந்திருந்தவரு. அதுல ஏன் மண்ணை அள்ளிப் போடணும்? செண்பகம்மாவே ஒண்ணும் சொல்லல. அவங்க பேரும் படத்துல வரல, அது தெரியுமா உங்களுக்கு? கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தவன் நான். "உடைகள்"னு போட்டு வேற யாரோ பேரு. அந்தம்மா கேக்கவே இல்ல.

அடியில கோடு போட்டீங்களே, மொத வரி. அதை மாத்துங்க. இருபத்தி ரெண்டு வருஷம்னு போடுங்க. இருபத்தி மூணாவது வருஷத்தை விட்டுருங்க. ஏன்னு எழுத வேண்டாம், சும்மா மாத்துங்க.

ஃபோன் அடிக்குது பாருங்க. அவரேதான், சகாயம். நீங்க வந்தீங்களான்னு கேக்கத்தான் கூப்பிடறாரு. இருங்க, போகாதீங்க. நீங்க இருக்கறப்பவே எடுத்துர்றேன்.

ஹலோ. ஆமா சகாயம், வந்துட்டாரு. இங்கதான் இருக்காரு. ம். ம். இல்ல, நான் நல்லா இருக்கேன். இல்லங்க, நீங்க கொஞ்சம் நிறுத்துங்க, நன்றியெல்லாம் அப்புறம். நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க போட்டிருந்தீங்கல்ல, தோள்ல பஞ்சு வெச்ச பழுப்புச் சட்டை. ஞாபகம் இருக்கா?